எம்ஜிபிக்குள் மாஸ்டா எஞ்சின்: எங்கே தொடங்குவது, எதைக் கடைசிக்கு வைப்பது

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புது எஞ்சின் வைக்க வேண்டும் என்று யார் கேட்டு வந்தாலும் நான் சொல்லும் முதல் வார்த்தை: எஞ்சினை இப்போது வாங்காதீர்கள். பாடி, பிரேக், சஸ்பென்ஷன் மூன்றும் முடிந்த பிறகு வாங்குங்கள். எஞ்சின் முதலில் கேரேஜுக்குள் வந்துவிட்டால், கையில் இருக்கும் காசும் ஆர்வமும் அதிலேயே போய்விடும். புது எஞ்சினின் 140 குதிரைத்திறனை, பழைய எஞ்சினின் 95 குதிரைத்திறனுக்காகச் செய்த பிரேக்கையும் துருப்பிடித்த தகரத்தையும் நம்பி ஓட்ட வேண்டிய நிலை வரும். இந்த வரிசை மாறக்கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

நான் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருக்கிறேன், தொழில் இயந்திரப் பராமரிப்பு. என் கார் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் கூரை திறந்த சிறு ஸ்போர்ட்ஸ் கார், குரோம் பம்பர் வைத்தது. அதில் மாஸ்டா எஞ்சின் வைத்த அனுபவம்தான் இது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. கூரை திறந்ததும் ஜிடி என்ற மூடியதும் சேர்த்து 5 லட்சத்துக்கும் மேல். அதனால்தான் இந்த மாதிரி வேலைக்கு இதைவிட நல்ல கார் கிடைப்பது கடினம். உதிரி பாகம் எல்லாமே கிடைக்கும். பாடி முழுதும் போய்விட்டாலும்கூட, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அசல் அச்சுகளைக் கொண்டே 1988 முதல் புது பாடி அடித்துத் தருகிறது.

எதற்காக நவீன பாகங்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்கட்டும். என் பதில்: நவம்பர் மழையில், காலை 6 மணிக்கு, ஒரே சாவித் திருப்பலில் கிளம்பி வேலைக்குப் போக வேண்டும், மோட்டார்வேயில் லாரிகளுக்கு நடுவே காது வலிக்காமல் போக வேண்டும். பந்தயத்துக்குத்தான் வேண்டும் என்றால் உங்கள் தேர்வுகள் வேறு. கண்காட்சிக்கு என்றால் பழைய எஞ்சினையே அழகாகப் புதுப்பித்து வையுங்கள், அது மிக நல்ல எஞ்சின்.

தகரம்தான் அடித்தளம்

எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே ஓடும் சில்தான் காரின் முதுகெலும்பு. வெளிச் சில், உள் சில், நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் காசில் ரெயில் என்று பல அடுக்காக இருக்கும். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருந்து, உள்ளே நடுத் தகடு பொடியாகி இருப்பதை நான் பல கார்களில் பார்த்திருக்கிறேன். எளிய சோதனை ஒன்று: கதவை மூடி, கதவுக்கும் பின் விங்குக்கும் (சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பிறகு பக்கவாட்டு ஜாக் இடத்தில் மெதுவாகத் தூக்குங்கள். இடைவெளி மாறினால், கதவு திறக்க முரண்டு பிடித்தால், கார் வளைகிறது. இந்த நிலையில் எஞ்சினைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பின் இருக்கைப் பலகைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வைக்கும் பெட்டிகள், பின் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், முன் விங்கின் பின்கீழ் மூலை, கால் வைக்கும் தரை: இவற்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சில்லை வெட்டும் முன் கதவு வாசலின் குறுக்கே முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவையுங்கள். காரின் எடை அச்சுகளுக்கு அருகே ஸ்டாண்டில் இருக்க வேண்டும், நீர்மட்டம் பார்த்துச் சமமாக. ஒரு பக்கம் முழுதாக முடித்து, கதவு மாட்டிச் சரிபார்த்த பிறகே அடுத்த பக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் பற்றவைத்ததை யாராலும் நேராக்க முடியாது.

பெயிண்டுக்கு இப்போது அவசரப்பட வேண்டாம். பிரைமரோடு நிறுத்துங்கள். எஞ்சின் அறையில் இன்னும் தாங்கிகள் பற்றவைக்க வேண்டும், துளை போட வேண்டும்.

நிற்பது, பிறகு வளைவது

எம்ஜிபியில் முன்னால் 10.75 அங்குல டிஸ்க், பின்னால் 10 அங்குல டிரம். அந்தக் காலத்துக்கு நல்ல பிரேக்தான். பெரிய குறை, பிரிட்டனில் விற்ற, என் காரைப் போன்ற கார்களில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு பைப் ஓட்டையானால் பெடல் தரையைத் தொடும், நான்கு சக்கரமும் போச்சு. எனவே நான் செலவழித்த முதல் பணம் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டருக்குத்தான். பைப் எல்லாவற்றையும் செம்பு-நிக்கல் கலவைக் குழாயில் புதிதாகப் போட்டேன், அது துருப்பிடிக்காது. முன்னால் காற்றோட்ட டிஸ்க்கும் நான்கு பிஸ்டன் காலிப்பரும். பின்னால் டிரம்மை மாற்றவில்லை. பின் டிஸ்க் மாட்டினால் பார்க்க அழகு, ஆனால் ஹேண்ட்பிரேக் அமைப்பு சிக்கலாகும், சாலையில் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. நல்ல ஷூவும் புது வீல் சிலிண்டரும் போதும்.

சஸ்பென்ஷனில் எனக்கு ஒரு கருத்து உண்டு, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முன்னால் இருக்கும் பழைய லீவர் டேம்பர், அதிர்வை அடக்கும் டேம்பர் மட்டுமல்ல, மேல் விஷ்போனும் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) அதுவேதான். நன்றாகப் புதுப்பித்த லீவர் டேம்பரும், எம்ஜிபி ஜிடி வி8 காருக்குச் செய்த கீழ் விஷ்போன் புஷ்ஷும், சரியான முன் ஆன்டி-ரோல் பாரும் சேர்ந்தால் சாலைக்கு அதுவே போதுமானது. காயில்ஓவர் கிட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் ஒன்றாக வருவது) வாங்கும் காசை நல்ல டயரில் போடுங்கள். பின்னால் மட்டும் டெலஸ்கோப்பிக் டேம்பருக்கு மாறுங்கள், அந்த வித்தியாசம் முதல் மேட்டிலேயே தெரியும். லீஃப் ஸ்பிரிங் புதிதாக வாங்குங்கள், பழையதை வளைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னுக்கு 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது இந்தக் காரோடு வாழ்கிற கடமை. மாஸ்டா எஞ்சின் வந்தாலும் அது மாறாது.

இப்போது எஞ்சின்

ரோவர் வி8, ஃபோர்டு, ரோவர் கே-சீரிஸ் என்று பல வழிகள் உண்டு. எனக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 பிடித்தது. பிரிட்டிஷ் சிறு ரோட்ஸ்டர்களைப் பார்த்து வளர்ந்த எண்ணத்தில் 1989இல் வந்த கார் அது. எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை இழுக்கிறது, எம்ஜிபியைப் போலவே. இரண்டாம் தலைமுறையின் 1.8 எஞ்சின் 1839 சிசி, ஏறத்தாழ 140 குதிரைத்திறன். எம்ஜிபியின் பழைய பி-சீரிஸ் எஞ்சின் 1798 சிசி, 95 குதிரைத்திறன். அளவில் வித்தியாசம் வெறும் 41 சிசி.

இன்னொரு நடைமுறைக் காரணம்: இங்கே எம்எக்ஸ்-5 கார்கள் துருவால் சாகின்றன, எஞ்சினால் அல்ல. சில்லும் முன் சேஸிஸ் ரெயிலும் அரித்து எம்ஓடி என்ற ஆண்டுச் சாலைத்தகுதிச் சோதனையில் தோற்ற காரை, ஓடும் நிலையிலேயே வாங்கலாம். ஓடும் நிலையில் என்பது முக்கியம். எஞ்சின் மட்டும் தரையில் கிடப்பதை வாங்காதீர்கள். முழுக் காரை வாங்கி, ஓட்டிப் பார்த்து, சூடானதும் எண்ணெய் அழுத்தம் பார்த்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளந்து, கிளட்ச் பிடிக்கிறதா, ஒவ்வொரு கியரும் உரசாமல் விழுகிறதா என்று பார்த்த பிறகு கழற்றுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், சென்சார்கள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ரேடியேட்டர் விசிறி, மூலையில் கிடக்கும் சின்னத் தாங்கிகள் வரை எல்லாம் ஒரே காரிலிருந்து வர வேண்டும். இரண்டு மூன்று கார்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தால், பொருந்தாத ஒரு கனெக்டரைத் தேடியே வார இறுதிகள் கரையும்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், முன்பின் எண்ணெய் சீல், கிளட்ச் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். காருக்குள் போன பிறகு பின் சீலை மாற்ற வேண்டுமானால் எல்லாம் மறுபடி வெளியே வர வேண்டும்.

பொருத்திப் பார்க்கும் வேலைதான் இந்த முழு முயற்சியிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே கிரேனில் தொங்கவிட்டு இறக்குங்கள். முன் கிராஸ்மெம்பருக்கும் (குறுக்குச் சட்டம்) எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்ச் சம்ப்புக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி வேண்டும், ஏனென்றால் ரப்பர் மவுன்டில் எஞ்சின் ஆடும். பானட்டை மூடி, வால்வ் கவர் மேல் களிமண் உருண்டை வைத்துப் பாருங்கள். அது நசுங்கும் அளவு உங்களுக்கு இடைவெளியைச் சொல்லும். ஸ்டியரிங் தண்டு எக்ஸாஸ்ட் அருகே போனால் வெப்பக் கவசம் கட்டாயம், அங்கே உள்ள மூட்டின் கிரீஸ் உருகிவிடும். எல்லாம் சரி என்று ஆன பிறகே தாங்கிகளை அட்டையில் வெட்டி, பிறகு இரும்பில் வெட்டி, புள்ளி வெல்டு மட்டும் போட்டு, மறுபடி இறக்கிப் பார்த்து, அப்புறம்தான் முழு வெல்டிங்.

இரண்டு இடங்களில் மாஸ்டா எஞ்சின் கட்டாயம் இடிக்கும், முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இக்னிஷன் காயில் தொகுதி சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், எம்ஜிபியின் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி வருகிறது. அதைக் கழற்றி உள் விங்குக்கு மாற்றி, பிளக் வயரை நீளமாக வாங்க வேண்டும். அடுத்தது தண்ணீர். இந்த எஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக உட்காரப் பிறந்தது. எம்எக்ஸ்-5இல் நீளவாக்கில் திருப்பியபோது தெர்மோஸ்டாட் வழியை முன்பக்கம் கொண்டுவந்தார்கள். அதனால் தண்ணீர் முன்னாலேயே நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது, கடைசிச் சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாகிறது. எப்படியும் நீங்கள் ஹோஸ் எல்லாம் புதிதாகப் போடப் போகிறீர்கள். அப்போதே தெர்மோஸ்டாட்டைப் பின்முனைக்கு மாற்றும் பாகத்தைப் போட்டுவிடுங்கள். காயில் அங்கிருந்து போய்விட்டதால் இடமும் கிடைக்கிறது. அலுமினிய ரேடியேட்டர், மின்விசிறி, எல்லாவற்றுக்கும் மேலான உயரத்தில் ஒரு நிரப்பும் தொட்டி. உயரம் தவறினால் காற்றுக் குமிழி ஹெட்டில் தங்கிவிடும்.

கியர்பாக்ஸும் தண்டும்

எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸின் வால்பகுதிக்குத் தனி மவுன்ட் இல்லை. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் வரை நீளும் ஓர் அலுமினியச் சட்டம்தான் இரண்டையும் தாங்குகிறது. எம்ஜிபியில் அந்தச் சட்டத்துக்கு வேலை இல்லை, ஏனென்றால் பின் அச்சு லீஃப் ஸ்பிரிங்கோடு மேலும் கீழும் போகும். எனவே அந்தச் சட்டம் பிடித்த போல்ட் துளைகளிலேயே ஒரு தாங்கி செய்து, எம்ஜிபியின் கழற்றக்கூடிய கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பர் மேல் ரப்பரோடு உட்கார வைக்க வேண்டும். 1967 கடைசிக்குப் பிந்தைய கார்களில் நடுச் சுரங்கம் அகலம், வேலை எளிது. அதற்கு முந்தைய கார் என்றால் சுத்தியலும் வெட்டும் அதிகம். அப்படிப்பட்ட பழைய நல்ல பாடியை வெட்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

புரொப்பெல்லர் தண்டை முன்பக்கம் மாஸ்டா, பின்பக்கம் எம்ஜி என்று செய்து, எடைச் சமன் பார்த்துத் தரும் கடைகள் உண்டு. அளவு எடுக்கும்போது காரின் எடை சக்கரத்தில் நிற்க வேண்டும், தொங்கும் அச்சை அளக்கக்கூடாது. கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் பின் அச்சுப் பினியன் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கட்டும். மூட்டுகளில் 1 முதல் 3 டிகிரி வளைவு நல்லது. இது தவறினால் 50 மைல் வேகத்தில் இருக்கைக்கு அடியில் ஓர் அதிர்வு வரும், அதை எந்த டயர் பேலன்ஸும் போக்காது.

எம்ஜிபியின் பின் அச்சை நான் வைத்துக்கொண்டேன். அதன் விகிதம் 3.909. மாஸ்டாவின் 5ஆம் கியர் 0.814. கணக்குப் போடுங்கள்: ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத பழைய 4 கியர் பெட்டியில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,900 சுற்று ஓடியது. இப்போது ஏறக்குறைய 3,200. மோட்டார்வேயில் காது வலிக்காமல் போக வேண்டும் என்றேனே, அது இந்த 700 சுற்றில்தான் இருக்கிறது. கூடுதல் குதிரைத்திறனைவிட இந்த மாற்றத்தைத்தான் தினமும் உணர்கிறேன்.

பெட்ரோல், மின்சாரம்

கார்பரேட்டருக்கு மெல்லிய அழுத்தம் போதும், இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். எனவே பழைய பம்ப், பழைய பைப், பழைய ரப்பர் எதையும் வைத்துக்கொள்ளக்கூடாது. வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும்; அதற்காக நடுவில் ஒரு சிறு சுழல் தொட்டி. டேங்குக்குத் திரும்பும் பைப் ஒன்று. ஹோஸ் இன்ஜெக்‌ஷன் தரத்தில், எத்தனால் தாங்குவதாக இருக்க வேண்டும், 2021 முதல் இங்கே சாதாரண பெட்ரோல் இ10 (10% வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. மோதினால் பம்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்சைத் தவறாமல் போடுங்கள். 3 பாரில் பெட்ரோல் பீய்ச்சும் வயது முதிர்ந்த காரில் அது உயிர் காக்கும் பொருள்.

வயரிங்கை என் மச்சான் செய்தான், அவன் எலக்ட்ரீஷியன். பழைய வயரைப் பார்த்ததும் "அத்தான், இதை ஒட்டுப்போட நான் வரமாட்டேன், முழுசா மாத்துறதா இருந்தா சொல்லுங்க" என்றான். அவன் சொன்னது சரி. 1972 காரில் மொத்தமே 4 ஃபியூஸ். எம்ஜியின் நிற முறையை அப்படியே காப்பாற்றுங்கள்: பிரவுன் எப்போதும் உயிருள்ள மின், வெள்ளை சாவி போட்டதும் வருவது, பச்சை அதே சாவி மின் ஃபியூஸ் வழியாக, ஊதா ஃபியூஸோடு எப்போதும் உயிருள்ளது, கறுப்பு எர்த். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர் எல்லாம் இந்த முறையில் ஒரு தொகுதி. எஞ்சினுக்குத் தனித் தொகுதி. இரண்டும் ஃபயர்வாலில் ஒரே ஒரு கனெக்டரில் சந்திக்க வேண்டும். பிரச்சினை வந்தால் எந்தப் பக்கம் என்று ஐந்து நிமிடத்தில் தெரியும். பம்ப், விசிறி, ஹெட்லைட் மூன்றுக்கும் ரிலே. எஞ்சினிலிருந்து பாடிக்குத் தடித்த எர்த் பட்டை. ரப்பர் மவுன்ட் மின்சாரத்தைக் கடத்தாது, பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் தேடிப் போகும்.

எஞ்சினை இயக்கும் கணினியான ஈசியூ விஷயத்தில், மாஸ்டாவின் சொந்தப் பெட்டியை வைத்தால் அதன் சாவி, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் எல்லாம் கூடவே வரவேண்டும். மெகாஸ்குவர்ட் அல்லது எமரால்ட் போன்ற தனி ஈசியூ சுலபம். எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜனை அளக்கும் அகலப்பட்டை லாம்டா சென்சார் ஒன்றும் சேர்த்துப் போடுங்கள். அடிப்படை மேப்பில் (பெட்ரோல் அளவும் தீப்பொறி நேரமும் சொல்லும் அட்டவணை) மெதுவாக ஓட்டிக்கொண்டுபோய், உருளைகள் மேல் காரை ஓட்டிச் சோதிக்கும் ரோலிங் ரோடில் விட்டு மேப் செய்ய வேண்டும். இந்தக் காசில் மிச்சம் பிடிக்கக்கூடாது.

டாஷ்போர்டில் ஸ்மித்ஸ் மீட்டர்களை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் அழுத்தமும் வெப்பமும் காட்டும் இரட்டை மீட்டர் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெய் நேரே மீட்டருக்கு வருகிறது, வெப்பத்துக்கு இன்னொரு மூடிய குழாய். அந்த வெப்பக் குழாயை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள், உள்ளே இருப்பது வெளியேறினால் மீட்டர் செத்துவிடும். மாஸ்டாவின் மரைக்கும் எம்ஜியின் மரைக்கும் நடுவே அடாப்டர் கடைந்து வாங்குங்கள். மரை என்றதும் நினைவுக்கு வருகிறது: எம்ஜிபியின் பெரும்பாலான போல்ட் அங்குல யுஎன்எஃப், மாஸ்டா மெட்ரிக். நெருக்கமான அளவுகள் ஒன்றில் ஒன்று இரண்டு சுற்று ஏறிப் பிறகு மரையைத் தின்னும். இரண்டையும் தனித்தனி நிற டப்பாவில் வையுங்கள்.

காகித வேலை

எஞ்சின் எண்ணும் சிசியும் மாறியதை பிரிட்டனின் வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றில் திருத்த வேண்டும். மாற்றம் செய்த பழைய கார்களுக்கான விதிகள் 2025 ஆகஸ்டில் மாறியிருக்கின்றன, பழைய கட்டுரைகளை மட்டும் நம்ப வேண்டாம், அரசின் தளத்தில் இன்றைக்கு இருப்பதைப் படியுங்கள். 40 வயது கடந்த கார்களுக்கு எம்ஓடி விலக்கு உண்டு, ஆனால் கடந்த 30 ஆண்டுக்குள் பெரிய மாற்றம் செய்திருந்தால் விலக்கு போய்விடும். விலக்கு இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வருடமும் சோதனைக்குக் கொண்டுபோங்கள். நாமே பற்றவைத்த தாங்கியை இன்னொருவர் கண்ணால் பார்ப்பது அவசியம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் சொல்லுங்கள், மதிப்பை முன்பே ஒப்புக்கொள்ளும் பாலிசி வாங்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டின்போது பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, பிளக்குகளையும் கழற்றி, எண்ணெய் மீட்டர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிறகு பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு பெட்ரோல் பைப் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் ஒன்று, கூடவே ஓர் ஆள். முதல் 100 மைல் முடிந்ததும் எஞ்சின் மவுன்ட், புரொப்பெல்லர் தண்டு, காலிப்பர், ஸ்பிரிங் யு-போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரென்ச்சால் மறுபடி இறுக்கி, பெயிண்ட் கோடு போடுங்கள். எந்தப் பாகம் எந்தக் காரிலிருந்து வந்தது, எந்த எண், எந்த அளவு ஹோஸ், எந்த பெல்ட் என்று ஒரு நோட்டில் எழுதி கையுறைப் பெட்டியில் வையுங்கள். வேறொருவர் கைக்குக் கார் போகும்போது, கிளட்ச் சிலிண்டர் கசிந்தால் அவர் எந்தக் கடையில் எதைக் கேட்க வேண்டும் என்பது அந்த நோட்டில்தான் இருக்கும்.